பூங்காவில் எல்லாப் பெஞ்சுக்கும் ஆள் இருந்தது

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. என் வலது முழங்கால் மேல் சத்தியம். இடது முழங்கால் மாற்றிவைத்தது, உலோகம். அதன் மேல் செய்கிற சத்தியம் செல்லுமா என்று தெரியாததால் வலதின் மேலேயே செய்கிறேன். நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். நம்புகிறவர்கள் பக்கத்து நாற்காலியில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் படியுங்கள்.

பேய் இரவில்தான் வரும் என்பார்கள். இரவுப் பேய்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் ஒன்பது மணிக்கே தூங்கிவிடுகிறவன். இது பட்டப்பகலில் நடந்தது. சிங்கப்பூரின் நட்டநடுவில், அருங்காட்சியகத்துக்கும் பழைய தேவாலயத்துக்கும் இடையே ஒரு சின்னப் பூங்கா. சீனர்களின் ஏழாம் மாதம். கீழுலகத்து ஆவிகள் எல்லோரும் விடுப்பு எடுத்துக்கொண்டு மேலே வந்து சுற்றுகிற மாதம்.

கோ பெங் தெக்கும் நானும் முப்பது வருடம் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டினோம். மனைவி போன பிறகு அவன் தனி. நானும் தனிதான், ஆனால் இது அவன் கதை. சமூக மன்றத்தின் முதியோர் நடனவகுப்பில் அவனுக்கு மேடம் ஐரீன் தியோ மேல் ஒரு இது ஏற்பட்டிருந்தது. அந்த வகுப்பில் அவரை முதலில் பார்த்தது நான்தான். அதுவும் இங்கே முக்கியமில்லை. ஐரீன் சீன-மலாய்க் கலப்பு வம்சத்துப் பெரானாக்கான் அம்மாள். கெபாயாச் சட்டை உடுத்தினால் அறுபத்தெட்டு வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர், வாயைத் திறந்தால் இன்னும் டீச்சர்தான். கணவர் கப்பலில் பரிமாறுகிற வேலையில் இருந்தவர், காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், கடல்கடந்து பெர்த்தில் இருக்கும் மகள் ஐரீனை அங்கேயே வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஐரீன் போய்விட்டால் போனதுதான். அதற்கு முன் கேட்டுவிடுவது என்று பெங் தெக் முடிவு செய்துவிட்டான். அம்மாவின் பச்சைக்கல் வளையலைச் சிவப்புப் பட்டுப்பையில் போட்டுக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"எங்கடா கேக்கறது? கோப்பிக்கடையில கேட்டா நல்லாருக்காது லா," என்றான்.

திட்டம் போட்டுக் கொடுத்தது நான். முதியோர் அட்டையைக் காட்டினால் நகர மையத்தில் எங்கெங்கே காசில்லாமல் உள்ளே விடுவார்கள், எங்கே குளிர்சாதனம் நன்றாக இருக்கும், எங்கே கழிப்பறை பக்கம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முதலில் அருங்காட்சியகத்தில் பெரானாக்கான் பீங்கான் கூடம், ஐரீனுக்குப் பிடிக்கும். பிறகு பழைய தேவாலயத்து வண்ணக் கண்ணாடி. கடைசியில் பூங்கா. தூங்குமூஞ்சி என்கிற பெரிய மழைமரங்கள், நடுவில் கச்சேரி நடத்துகிற ஒரு சின்னத் திறந்தவெளி மேடை, மேடையைப் பார்த்து அரைவட்டமாகப் பெஞ்சுகள். நான்கு மணிக்கு அங்கே உட்கார வேண்டும். வளையலை எடுக்க வேண்டும்.

"நீ முன்னாடியே போய் ஒரு பெஞ்சு புடிச்சு வை," என்றான் பெங் தெக்.

"அதுக்குத்தானே நான் இருக்கேன்," என்றேன்.

அன்று புதன்கிழமை. சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டிஷ்யூ விற்கும் அம்மாள் என்னைப் பார்த்ததும், "அங்கிள், இன்னும் வேணுமா?" என்று கேட்டார். எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பார் போலிருக்கிறது. நான் பதில் சொல்லாமல் நடந்தேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. முழங்கால் ஒவ்வொரு படியிலும் முறையிட்டது. பூங்காவுக்குள் நுழைந்தேன்.

எல்லாப் பெஞ்சும் காலி.

காலி என்று சொல்லக்கூடாது. ஒவ்வொரு பெஞ்சின் நடுவிலும் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது. பச்சை நிறம். பிரிக்காதது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உணவங்காடியில் சாப்பாடு வாங்கப் போகுமுன் மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் வைத்துவிட்டுப் போவோம். வைத்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வெறும் டிஷ்யூதானே என்று எவனும் எடுத்துத் தள்ளிவிட்டு உட்காரமாட்டான். நீதிமன்றத் தடையுத்தரவைக்கூட மீறுவான், அதை மீறமாட்டான்.

ஆனால் பூங்கா பெஞ்சில் யார் டிஷ்யூ வைப்பார்கள்? வைத்துவிட்டு எங்கே போனார்கள்?

காத்திருந்தேன். யாரும் வரவில்லை. மேடையைச் சுற்றி வந்தேன். ஒரு மைனா முதல் பெஞ்சில் உட்காரப் போய், உட்காராமல் பறந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. கால் கடுக்கிறது, கண்ணெதிரே இத்தனை பெஞ்சு, ஒன்றில்கூட உட்கார முடியவில்லை. பெங் தெக்குக்குப் போன் போட்டேன்.

"இடம் புடிச்சிட்டியா?"

"இல்லடா. எல்லாத்துலயும் ஆள் இருக்கு."

"யாரு?"

"யாரும் இல்ல."

"வெயில்ல மூள உருகிடுச்சாடா? ஆள் இருக்கா, இல்லயா?"

"டிஷ்யூ இருக்கு. ஆளத்தான் காணோம்."

"ஒரு பெஞ்சுலயா?"

"எல்லாத்துலயும். மேடையப் பாத்து வரிசையா..."

அருங்காட்சியகத்தின் குளிர்சாதனம் உறுமுவது மட்டும் கேட்டது. பிறகு, மிகவும் மெல்லிய குரலில்,

"முத்து... முன்வரிசையா?"

அவன் ஏன் கேட்டான் என்று எனக்குத் தெரியும். ஏழாம் மாதம் முழுக்கப் பேட்டையெங்கும் கெத்தாய் நடக்கும். மேடை போட்டு, மின்னுகிற உடையில் பாட்டும் கூத்தும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இரண்டாம் வரிசையிலிருந்துதான் உட்காருவார்கள். முன்வரிசை நாற்காலிகள் காலியாகவே இருக்கும். அவை கீழேயிருந்து வந்தவர்களுக்கு. பெங் தெக் வாலிப வயதில் ஒரு தடவை தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டு, மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தவன்.

"எல்லாமே முன்வரிசைதான்," என்றேன். "ஒரே வரிசைதானே இருக்கு."

நான்கு மணிக்கு வரவேண்டியவர்கள் மூன்றரைக்கே வந்துவிட்டார்கள். ஐரீன் வருகிற வேகத்திலேயே தெரிந்தது, அன்றைக்கு எதுவும் சரியாக நடக்கவில்லை.

"பீங்கான் கூடத்துக்கு மேம்பாட்டுப் பணியாம், மூடிட்டாங்க. அதப் பாக்கத்தான் நான் இவ்ளோ தூரம் வந்தேன். தேவாலயத்துல கல்யாணப் படம் எடுக்கறாங்க, உள்ள விடமாட்டேங்கறாங்க. பொண்ணு மாப்பிள்ளைய முறைக்கறா, மாப்பிள்ள போனப் பாக்கறான், அதுக்கு இருபது பேரு விளக்குப் புடிக்கறாங்க. மிஸ்டர் கோ எனக்குக் காட்டின ஒரே கலைப்பொருள் மின்தூக்கிதான். மிஸ்டர் முத்து, இந்தத் திட்டத்த யாரு போட்டது?"

"அவன்தான் மேடம்," என்றேன்.

பெங் தெக் மறுத்திருப்பான். ஆனால் அவன் என்னைக் கவனிக்கவில்லை. பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெந்த மீன் மாதிரி வெளுத்திருந்தது. ஒரு கை கால்சட்டைப் பையில், வளையல் மேல்.

"நான் உக்காரணும்," என்றார் ஐரீன்.

"இங்க வேணாம் மேடம்."

"ஏன்?"

"ஆள் இருக்கு."

ஐரீன் அரைவட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். வகுப்பில் யார் பேசியது என்று கண்டுபிடிக்கிற பார்வை.

"எங்க?"

பெங் தெக் கை நீட்டவில்லை. நீட்டினால் அவர்களுக்குக் கோபம் வரும். மோவாயால் காட்டினான்.

"அது டிஷ்யூ."

"ஆமா மேடம்."

"ரெண்டு வெள்ளி குடுத்தா மூணு பாக்கெட் வரும். அதுக்குப் பயந்து என்ன நிக்கவைக்கறீங்க. நீங்க ரெண்டு பேரும் முப்பது வருஷம் பஸ் ஓட்டினீங்களா, இல்ல கோயில்ல மணி ஆட்டினீங்களா?"

அவர் முதல் பெஞ்சை நோக்கி நடந்து கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

பெங் தெக் போட்ட கத்தலில் புறாக்கள் கிளம்பின. ஐரீன் திரும்பினார். அவரை யாரும் அப்படி அதட்டி நாற்பது வருடமாவது இருக்கும்.

அந்த நேரத்தில்தான் வெளிச்சம் குறைந்தது. கடல் பக்கமிருந்து கறுப்பாக ஒரு மேகம், நகர மண்டபக் கூரையையும் தாண்டி வந்துவிட்டது. காற்று நின்றது. மழைமரத்தின் இலைகள் மூடிக்கொள்ள ஆரம்பித்தன.

பிறகு ஒரு சத்தம்.

யாரோ மூக்குச் சிந்துகிற சத்தம்.

பெஞ்சுகள் இருந்த பக்கத்திலிருந்து.

"ப்ர்ர்ர்ம்..."

அந்த வாரம் எனக்குக் கடுமையான ஜலதோஷம். அது வேறு விஷயம். நான் பெங் தெக்குக்குப் பின்னால், அந்தப் பெஞ்சுகளுக்குச் சற்று அருகில் நின்றுகொண்டிருந்தேன் என்பதும் வேறு விஷயம்.

பெங் தெக் உதடு அசைந்தது. "கச்சேரி... தொடங்கப் போகுது," என்றான்.

"என்ன கச்சேரி?" என்றார் ஐரீன். "மிஸ்டர் கோ, ஏதோ முக்கியமா பேசணும்னு சொன்னீங்களே. பேசுங்க. ஞாயித்துக்கிழம ராத்திரி என் மக போன் பண்ணுவா. வரேன்னு சொல்லணும், இல்லன்னா வரலன்னு சொல்லணும். நீங்க சொல்றதக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன்."

இதைவிட ஒரு பெண்பிள்ளை வாசலைத் திறந்து வைக்க முடியாது. அவன் பட்டுப்பையைப் பாதி வெளியே எடுத்தான். சிவப்பு நுனி தெரிந்தது. வாயைத் திறந்தான்.

"ப்ர்ர்ர்ம்..."

பட்டுப்பை உள்ளே போயிற்று. பெங் தெக் வெளியே போனான். எழுபத்தோரு வயதில், இரண்டு அடைப்பு நீக்கிய இருதயத்தோடு, ஒரு மனிதன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. சாலையோரத்தில் ஒரு டாக்சி கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

ஐரீன் அந்தத் திசையையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை. அந்த முகத்தில் ஏமாற்றம்தான் இருந்தது.

"அப்ப பெர்த்துதான்," என்றார். யாரிடமும் இல்லை.

"மேடம், முதல்ல உக்காருங்க," என்றேன். "பின்னாடி இன்னொரு பெஞ்சு இருக்கு. மரத்துக்கு அந்தப் பக்கம், சுவரைப் பாத்து. அதுல எதுவும் கிடையாது."

"எதுவும் கிடையாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வரும்போது பாத்தேன்."

கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார். பழைய செங்கல் சுவர்ப் பக்கமாக அவரை நடத்திக்கொண்டு போனேன். மரத்தைச் சுற்றி வந்தோம்.

நான் நின்றுவிட்டேன்.

மற்றப் பெஞ்சுகளைப் பார்த்தபோது உண்மையில் எனக்குப் பயம் வரவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். இதைப் பார்த்ததும் வந்தது.

பெஞ்சின் இடது பாதியில் ஒரு கைக்குட்டை.

டிஷ்யூ இல்லை. துணிக் கைக்குட்டை. வெள்ளை. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, கப்பல் சாப்பாட்டு மேசையில் வைப்பார்களே, அப்படிக் கூர்மடிப்பாக மடித்து, நுனி மேலே பார்த்தபடி நின்றது. டிஷ்யூ வருவதற்கு முன்னால் அந்தக் காலத்து ஆட்கள் இப்படித்தான் இடம் பிடிப்பார்கள்.

நான் வரும்போது அது இல்லை. வலது முழங்கால் மேல் சத்தியம். அது இல்லை.

அப்போது மழை கொட்டியது.

எச்சரிக்கையே இல்லாமல், வாளியைக் கவிழ்த்தமாதிரி. குடையை விரித்து ஐரீன் தலைக்கு மேல் பிடித்தேன். என் முதுகு நனைந்தது. பெஞ்சு நனைந்தது. மூன்று ஐம்பதுக்குத் தொடங்கிய மழை ஐந்து நிமிடத்தில் நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், வேறு எதையும் பார்க்க விருப்பமில்லாததால்.

பிறகு பார்த்தேன்.

பெஞ்சின் வலது பாதியில் தண்ணீர் ஓடியது.

இடது பாதி... காய்ந்திருந்தது.

ஓர் ஆள் உட்கார்ந்த அகலத்துக்கு.

கீழே தரையில் இரண்டு காய்ந்த தடங்கள். காலணி அளவுக்கு.

கைக்குட்டை நனையவில்லை.

"மேடம்," என்றேன். "போயிடலாம்."

ஐரீன் போகவில்லை. குனிந்து கைக்குட்டையைப் பார்த்தார். தொடவில்லை. டிஷ்யூவை அத்தனை அலட்சியமாக எடுக்கப் போன பெண், இதைத் தொடவில்லை. அந்த மடிப்பின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தோள் சால்வையால் வலது பாதியைத் துடைத்துவிட்டு அங்கே உட்கார்ந்தார். இடது பாதிக்கு இடம் விட்டு.

"மேடம்... ஆள் இருக்கு," என்றேன்.

"தெரியும்," என்றார்.

எங்கள் இருவரைத் தவிர அங்கே யாருமில்லை. எனக்கு மூக்கு அடைத்திருந்தது, ஆனால் நான் மூச்சே விடவில்லை. ஆகவே அதற்கப்புறம் கேட்டது நான் இல்லை.

தொண்டையைச் செருமுகிற சத்தம்.

மரியாதையாக. மேசைக்கு வந்து நிற்கிற பரிமாறுகிறவன் செருமுவதுபோல.

"க்ஹூம்..."

ஐரீன் சிரித்தார்.

எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அங்கேயே நின்றேன், குடையைப் பிடித்துக்கொண்டு, மழையில்லாத வானத்துக்குக் கீழே. உட்காரவும் இடமில்லை, ஓடவும் வழியில்லை. அவ்வளவு வேலை செய்துவிட்டு... வேறு யாரோ முந்திக்கொண்டு இடம் பிடித்துவிட்டான் என்கிற எரிச்சல் அந்தப் பயத்துக்கு நடுவிலும் எனக்கு வந்ததை மறைக்க விரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஐரீன் எழுந்தார். கைக்குட்டையை அப்படியே விட்டுவிட்டார்.

"பெர்த்துக்குப் போகல," என்றார். "இங்க ஒருத்தரும் என்ன ஒழுங்கா உக்காரவைக்க மாட்டேங்கறாங்க, ஆனா இவங்கள விட்டுட்டும் போக முடியாது போல. முத்து, பசிக்குது. குவே பலகாரம் வாங்கிக் குடுங்க."

என் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' காணாமல் போயிருந்ததை நான் கவனித்தேன்.

திரும்பி நடக்கும்போது ஒரு தடவை பின்னால் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. பெஞ்சு முழுக்க ஈரம். இடது பாதியிலும். கைக்குட்டை இல்லை.

அன்று இரவு சட்டையைக் கழற்றித் தோய்க்கப் போடும்போது பையில் ஏதோ தட்டுப்பட்டது. சட்டை இன்னும் சொட்டச் சொட்ட ஈரம். பைக்குள் இருந்தது காய்ந்திருந்தது. கூர்மடிப்பாக மடித்திருந்தது.

தொட்டால் சுட்டது. இப்போதுதான் இஸ்திரிப் பெட்டியிலிருந்து எடுத்தமாதிரி.

அதைக் குப்பையில் போட்டேன். குப்பையை மாடிக் குப்பைக்குழாயில் கொட்டினேன். பன்னிரண்டு மாடி கீழே விழுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன்.

காலையில் என் சாப்பாட்டு மேசையில், சன்னல் ஓரத்து நாற்காலி மேல் இருந்தது.

இன்றுவரை அந்த நாற்காலியில் நான் உட்காருவதில்லை. என் வீடு, என் நாற்காலி, நான் கடனை அடைத்து வாங்கிய மேசை. ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது விடிந்து பார்த்தால் அதில் வெள்ளைக் கைக்குட்டை இருக்கிறது, சூடு மாறாமல். நான் சுவரைப் பார்த்த பக்கத்தில் முக்காலி போட்டுச் சாப்பிடுகிறேன். இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

பெங் தெக் நலமாக இருக்கிறான். அந்தப் பெஞ்சுகளில் உட்காரவிடாமல் அவனைக் காப்பாற்றியவன் நான்தான் என்று கோப்பிக்கடையில் எல்லோரிடமும் சொல்கிறான். நான் மறுப்பதில்லை. டிசம்பரில் பதிவகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தபோதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னான்.

எனக்கும் ஐரீனுக்கும் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பச்சை டிஷ்யூ பாக்கெட் கொடுத்தோம். என் கட்டிலுக்கு அடியில் அரைப் பெட்டி மிச்சம் கிடந்தது.